பழங்குடிப் பிள்ளைகளும் நம் பள்ளிக்கூடமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கல்பட்டுப் பக்கம் ஏரிக்கரையை ஒட்டி இருளர் என்ற பழங்குடிச் சமூகத்தின் குடியிருப்பு ஒன்று. அங்கே பன்னிரண்டு வருடமாக மாலை வகுப்பு எடுத்து வருகிறேன். புதிதாகப் பணிக்கு வரும் ஆசிரியர்கள், களப்பணிக்கு வரும் கல்லூரி மாணவர்கள், உதவ நினைக்கும் நண்பர்கள் என்று பலரும் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் பாதி சட்டமும் வரலாறும். மீதி அந்தக் குடியிருப்பில் நான் கற்றுக்கொண்டது.

ஆதிவாசி, பழங்குடி, மலைவாழ் மக்கள், தொல்குடி. எப்படி அழைப்பது சரி?

முதலில் அவர்கள் தங்களை என்னவென்று சொல்லிக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். நீலகிரி மாவட்டக் கூடலூர்ப் பக்கம் பணியரும் காட்டுநாயக்கரும் 'ஆதிவாசி' என்ற சொல்லைப் பெருமையோடு சொல்வார்கள். அவர்களுடைய சங்கத்தின் பெயரிலேயே அது இருக்கிறது. எங்கள் பக்கம் அந்தச் சொல் காதில் விழுந்தால் பிள்ளைகள் முகம் சுருங்கிவிடும், ஏனென்றால் சினிமாவில் அதை இலை கட்டிக்கொண்டு ஆடுகிறவர்களுக்குத்தான் கேட்டிருக்கிறார்கள். 'பழங்குடி' பொதுவாக எல்லோரும் ஏற்கும் சொல். அரசு ஆவணங்களில் 'பட்டியல் பழங்குடியினர்', சுருக்கமாக எஸ்.டி.

'மலைவாழ் மக்கள்' என்பதைப் பழக்கத்தில் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். எங்கள் குடியிருப்பிலிருந்து பார்த்தால் மலையே தெரியாது. ஏரியும் வயலும் கொஞ்ச தூரத்தில் கடலும்தான்.

சமூகப் பெயரைச் சொல்வதில் தவறில்லை. அதைத் திட்டும் தொனியில் சொல்வதுதான் தவறு. 'டேய் இருளா' என்று ஒரு பையனைக் கூப்பிடுவதும், 'இவர் இருளர் சமூகத்தைச் சேர்ந்தவர்' என்று அறிமுகம் செய்வதும் ஒன்றல்ல. பொது இடத்தில் சாதிப்பெயர் சொல்லி இழிவுபடுத்துவது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

தமிழ்நாட்டில் பழங்குடியினர் எத்தனை பேர்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 7,94,697 பேர். மாநில மக்கள்தொகையில் 1.1 சதவீதம். அப்போது பட்டியலில் 36 சமூகங்கள் இருந்தன. 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தால் நரிக்குறவரும் குருவிக்காரரும் பின்னர் சேர்க்கப்பட்டார்கள்.

எண்ணிக்கையில் பெரிய சமூகம் மலையாளி, ஏறத்தாழ மூன்றரை லட்சம் பேர். கேரளத்து மலையாளிகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர்கள் சவ்வாது மலை, கல்வராயன் மலை, சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை என்று கிழக்குத் தொடர்ச்சி மலையின் தமிழ்நாட்டுப் பகுதிகளில் வாழ்கிறவர்கள், பேசுவது தமிழ். அடுத்து இருளர், சுமார் 1.9 லட்சம். நீலகிரியின் தோடர் ஏறத்தாழ 2,000 பேர்தான். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்களையும் மத்திய அரசு 'குறிப்பாக நலிவடைந்த பழங்குடிக் குழுக்கள்' என்று வகைப்படுத்தியிருக்கிறது.

எண்ணிக்கையைவிட எனக்கு உறுத்துவது இன்னொரு கணக்கு. அதே 2011-இல் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம். பழங்குடியினரிடையே 54.3 சதவீதம். பழங்குடிப் பெண்களில் பாதிக்கும் குறைவானவர்களே எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். கல்வியில் முன்னணி மாநிலம் என்று நாம் சொல்லிக்கொள்ளும்போது யாரை விட்டுவிட்டுச் சொல்கிறோம் என்பது இந்த ஓர் எண்ணில் தெரியும்.

நாம் எல்லோருமே இந்த மண்ணின் மக்கள்தானே? அவர்களுக்கு மட்டும் என்ன தனி அடையாளம்?

இந்திய அரசும் உலக அரங்கில் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. 2007 செப்டம்பர் 13 அன்று ஐ.நா. பொதுச்சபையில் பூர்வகுடி மக்களின் உரிமைப் பிரகடனம் வந்தபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. அதோடு, விடுதலைக்குப் பிறகு இந்திய மக்கள் எல்லோருமே பூர்வகுடிகள்தான் என்ற விளக்கத்தையும் சேர்த்துச் சொன்னது.

யார் முதலில் வந்தார்கள் என்ற வாதத்துக்குள் நான் போவதில்லை. நடைமுறையில் பார்த்தால், காட்டைச் சார்ந்து, தங்களுக்கென்று பேச்சும் தெய்வமும் சடங்கும் ஊர் நிர்வாகமும் வைத்து வாழ்ந்தவர்கள் இவர்கள். காடு அரசுடைமையானபோது வாழ்ந்த இடத்திலேயே அத்துமீறியவர்கள் ஆனார்கள். ஊட்டி என்று நாம் சொல்லும் உதகமண்டலத்தின் பெயரிலேயே தோடர்களின் 'மந்து' இருக்கிறது. மந்து என்றால் அவர்களுடைய குடியிருப்பு. பெயர் தங்கிவிட்டது, அந்த நிலம் யாரிடம் போனது என்பதை நகரத்தைச் சுற்றிப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

எங்கள் பள்ளியில் பாகுபாடே கிடையாது. எல்லோரையும் ஒரே மாதிரிதான் நடத்துகிறோம். அது போதாதா?

இந்தக் கேள்வியை நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். நானும் இப்படித்தான் நினைத்திருந்தேன்.

முதல் வருடம், மாசி மாதம். பௌர்ணமியை ஒட்டி நான்கு நாள் என் வகுப்புக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை. பகலில் பள்ளிக்கும் போகவில்லை. திரும்பி வந்ததும் வரிசையாக நிற்க வைத்துக் கேட்டேன், 'படிப்பு முக்கியமா, ஊர் சுத்துறது முக்கியமா?' யாரும் வாயைத் திறக்கவில்லை. நான்காவது படிக்கிற ஒரு பெண் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டே, 'அம்மாவப் பாக்கப் போனோம் சார்' என்றாள். அவள் அம்மா எங்கேயோ வேலைக்குப் போயிருக்கிறாள் போல என்று நான் புரிந்துகொண்டேன்.

அடுத்த வருடம் அந்தப் பெண்ணின் ஆயா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மாமல்லபுரம் கடற்கரை. சுற்றுவட்ட மாவட்டங்களிலிருந்தெல்லாம் இருளர் குடும்பங்கள் வந்து, குச்சி நட்டுச் சேலையைக் கட்டி மணலிலேயே கூடாரம் போட்டிருந்தன. விடிவதற்கு முன்பே ஈர மணலைக் குவித்து ஏழு படி கட்டினார்கள். தேங்காய், பூ, வெற்றிலை பாக்கு. சூரியன் எழும்பும்போது கன்னியம்மனுக்குப் பூசை. ஒரு பக்கம் குழந்தைக்கு மொட்டை, காதுகுத்து. இன்னொரு பக்கம் கல்யாணம். அவர்கள் 'அம்மா' என்றது கடலில் வந்து இறங்கியிருக்கும் கன்னியம்மனை. வருடத்துக்கு ஒருமுறை சொந்தபந்தம் அத்தனையும் ஒரே இடத்தில் கூடுகிற நாள் அது. நான் அதற்குத்தான் அவளை நிற்க வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறேன்.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் யாரும் லீவு கேட்டுக் கெஞ்சுவதில்லை. அவை நாட்காட்டியிலேயே சிவப்பாக அச்சடித்து வந்துவிடுகின்றன. நாட்காட்டி யாருக்காகப் போடப்பட்டதோ அவர்களுக்கு 'ஒரே மாதிரி' என்பது சுலபம். மாசி மகத்துக்கு உள்ளூர் விடுமுறை கேட்கலாம். அது கிடைக்காவிட்டாலும் அந்த வாரம் தேர்வு வைக்காமல் இருக்கலாம், திரும்பி வந்ததும் 'பூசை நல்லா நடந்ததா?' என்று கேட்கலாம். இப்போது நான் அதைத்தான் கேட்கிறேன். அரை மணி நேரத்துக்குக் கதை நிற்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் கல்வித்துறையில் 'உள்ளடக்கிய கல்வி' என்றால் பெரும்பாலும் மாற்றுத்திறன் மாணவர்களுக்கான பிரிவு என்றே பொருள். அந்தப் பணி மிக அவசியம். ஆனால் அந்தச் சொல்லுக்குள் பழங்குடிப் பிள்ளையின் மொழி, திருவிழா, பட்டா இல்லாத வீடு இவையெல்லாம் இன்னும் வந்து சேரவில்லை.

பேசவே மாட்டேன் என்கிறார்கள். கூச்சமா, புரியவில்லையா?

பல இடங்களில் சிக்கல் மொழி. சமவெளி இருளர் பெரும்பாலும் தமிழ்தான் பேசுகிறார்கள். நீலகிரி, கோவை மலைகளில் பேசப்படும் இருளர் மொழி வேறு. அதைத் தமிழின் கிளைமொழி என்றே நீண்டகாலம் நினைத்தார்கள், செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபில் போன்றோர் ஆய்வு செய்து தனித் திராவிட மொழி என்றார்கள். தோடர் மொழியும் கோத்தர் மொழியும் தமிழர் காதுக்குச் சுத்தமாகப் பிடிபடாதவை. அவற்றை மொழியியலாளர் எமனோ 1930-களில் நீலகிரியில் தங்கிப் பதிவு செய்தார். இந்த மொழிகளின் ஒலிகள் பல நம் எழுத்தில் அடங்குவதில்லை.

இதையெல்லாம் ஓர் ஆறு வயதுக் குழந்தையின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். கோத்தகிரிச் சரிவில் ஒரு சின்னப் பள்ளியில் வேலை பார்த்த நண்பர் சொன்னது இது. ஒன்றாம் வகுப்பில் ஒரு பையன் தினமும் மத்தியானத்துக்குள் கால்சட்டையை நனைத்துவிடுவான். மருத்துவரிடம் காட்டச் சொல்லி வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார்கள். கடைசியில் சத்துணவு சமைக்கும் அம்மா, அவரும் அதே சமூகம், பையனிடம் அவன் பேச்சில் இரண்டு வார்த்தை கேட்டார். 'ஒண்ணுக்குப் போகணும்' என்பதைத் தமிழில் எப்படிக் கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான். மறுநாளிலிருந்து காலை முதல் பாடவேளையில் அந்த அம்மாவை வகுப்பில் உட்கார வைத்தார் நண்பர். அடுப்பு கொஞ்சம் தாமதமாகப் பற்றியது, பையன் பேச ஆரம்பித்தான்.

சட்டம் இதற்கு இடம் தருகிறது. அரசியலமைப்பின் 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்கிறது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆவது பிரிவும் 'இயன்றவரை தாய்மொழியில்' என்கிறது. 'இயன்றவரை' என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் நாம் எல்லோரும் ஒளிந்துகொள்கிறோம். பாடநூல் அச்சடிக்க வேண்டியதில்லை. முதல் இரண்டு வருடம் குழந்தை தன் பேச்சில் பதில் சொல்லலாம், ஆசிரியர் ஐம்பது வார்த்தை கற்றுக்கொள்வார், சமூகத்திலிருந்து ஒருவர் வகுப்பில் இருப்பார் என்ற மூன்றும் நடந்தாலே பாதிக் கதவு திறந்துவிடும்.

சமவெளியில் பிரச்சினை வேறு மாதிரி. பிள்ளைகள் பேசுவது தமிழ், ஆனால் அதைக் 'கொச்சை' என்று சொல்லி ஒவ்வொரு வார்த்தையிலும் நிறுத்தித் திருத்துவோம். மூன்று முறை திருத்திய பிறகு நான்காவது முறை அந்தக் குழந்தை பேசாது. எழுதும்போது திருத்துங்கள். பேசும்போது முதலில் பேசி முடிக்கட்டும்.

சாதிச் சான்றிதழ் வாங்குவது ஏன் இவ்வளவு சிரமம்?

தமிழ்நாட்டில் பட்டியல் சாதிச் சான்றிதழை வட்டாட்சியர் தருகிறார். பழங்குடிச் சான்றிதழை மட்டும் 1989 நவம்பர் முதல் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர்தான் தர முடியும். போலிச் சான்றிதழ் பிரச்சினை உண்மையிலேயே பெரிது. 1994-இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் மாநில அளவில் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் கூர்நோக்குக் குழு, மானிடவியல் அறிந்தவரைக் கொண்டு விசாரணை என்று விரிவான நடைமுறையை வகுத்தது. தமிழ்நாட்டில் உதகைக்கு அருகே முத்தோரை பாலாடாவில் இருக்கும் பழங்குடியினர் ஆய்வு மையத்துக்கும் இதில் பங்கு உண்டு.

போலிகளைத் தடுக்கப் போட்ட வேலி, கையில் காகிதமே இல்லாத உண்மையான பழங்குடிகளைத்தான் அதிகம் குத்துகிறது. செங்கல் சூளைக்கும் ரைஸ் மில்லுக்கும் மாறி மாறிப் போன அப்பாவிடம் என்ன ஆவணம் இருக்கும்? அப்புறம் விசாரணை. எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பையனிடம், 'எலி பிடிப்பியா? பாம்பு பிடிப்பியா? எப்படிப் பிடிப்பே, சொல்லு' என்று கேட்டிருக்கிறார்கள். அவன் தெரியாது என்றான். உண்மையிலேயே தெரியாது, இத்தனை வருடம் பள்ளிக்கூடத்திலும் புத்தகத்திலும் இருந்தவன் அவன். படித்ததாலேயே பழங்குடி இல்லை என்று ஆகிவிடுமா என்று அவன் என்னிடம் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

இந்தக் கேள்விகளின் வேர் பழையது. 1965-இல் மத்திய அரசு அமைத்த லோகூர் குழு பழங்குடிக்கு ஐந்து அடையாளம் சொன்னது: தொடக்ககாலப் பண்புகள், தனித்த பண்பாடு, ஒதுங்கிய வாழ்விடம், வெளியாரிடம் பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை. அறுபது வருடம் ஆகியும் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டுதான் ஒரு பையனின் முகத்தைப் பார்க்கிறோம்.

நடைமுறையில் செய்ய வேண்டியது ஒன்று: பன்னிரண்டாம் வகுப்பு வரை காத்திருக்காதீர்கள். ஒன்றாம் வகுப்பிலேயே விண்ணப்பத்தைத் தொடங்குங்கள். பெரியப்பா, சித்தப்பா, அத்தை என்று இரத்த உறவில் யாரிடம் சான்றிதழ் இருந்தாலும் நகல் எடுத்து வையுங்கள். இ-சேவை மையத்துக்குக் கூடவே போங்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், மேல்முறையீட்டுக்கு அதுதான் ஆதாரம். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு 1 சதவீதம். அந்த ஒன்றுக்குள் நுழையவும் இந்தத் தாள் வேண்டும்.

பெற்றோருக்குப் படிப்பில் அக்கறை இல்லையே. பாதியில் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்களே?

அக்கறை இல்லாமல் இல்லை. தை பிறந்தால் செங்கல் சூளை தொடங்கும். குடும்பத்தோடு போக வேண்டும், ஏனென்றால் முன்பணம் வாங்கியாயிற்று. கொத்தடிமை முறை 1976-லேயே சட்டப்படி ஒழிக்கப்பட்டது, முன்பணம் ஒழியவில்லை. மழைக்காலத்தில் மருத்துவச் செலவுக்கு வாங்கிய தொகைதான் ஆறு மாதத்தைத் தீர்மானிக்கிறது. கூடலூர்ப் பக்கம் பணியர் குடும்பங்கள் காப்பிக்கும் இஞ்சிக்கும் குடகுப் பக்கம் போகிறார்கள். மலையில் தேனெடுக்கும் பருவம் வேறு.

சூளைக்குப் பக்கத்திலும் ஓர் அரசுப் பள்ளி இருக்கும். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது, வயதுச் சான்று இல்லை என்றும் திருப்பி அனுப்பக் கூடாது, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். மூன்றுமே கல்வி உரிமைச் சட்டத்தில் இருக்கின்றன. எந்தச் சூளைக்குப் போகிறார்கள் என்று கேட்டு அந்தப் பள்ளிக்கு ஒரு போன் செய்து சொல்லும் தலைமையாசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன். ஐந்து நிமிட வேலை, ஒரு வருடப் படிப்பு தப்பிக்கும்.

பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் வரப் பெற்றோர் தயங்குவதற்கு இன்னொரு காரணம் பயம். தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலையாளிப் பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். ஊரைச் சூறையாடினார்கள், 18 பெண்களை வன்புணர்வு செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011-இல் தீர்ப்பு வந்தது, 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தொரு வருடம். அரசாங்க ஜீப்பைப் பார்த்ததும் ஓர் ஆயா குடிசைக்குள் போய்விட்டால், அவருக்கு அக்கறை இல்லை என்று குறிப்பெழுதாதீர்கள்.

ஆண்டு விழாவில் 'பழங்குடி நடனம்' வைக்கலாமா?

முகத்தில் கரி பூசி, இலை கட்டி, ஈட்டி பிடித்து 'ஜிங்கலா' பாடுவது என்றால், வேண்டவே வேண்டாம். அந்தக் கூட்டத்தில் இருளர் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருமுறை நான் பார்த்தேன், பக்கத்தில் இருந்தவன் என் மாணவனை முழங்கையால் இடித்து மேடையைக் காட்டினான். இவனும் சேர்ந்து சிரித்தான். அன்று சாயங்காலம் வகுப்புக்கு வரவில்லை.

உண்மையான இசையைக் கேட்க வேண்டுமென்றால் அந்தச் சமூகத்துப் பெரியவர்களை அழையுங்கள். எது மேடையில் ஆடத்தக்கது, எது சாவுக்கோ சாமிக்கோ மட்டும் உரியது என்பதை அவர்கள் சொல்வார்கள். மற்ற கலைஞர்களுக்குத் தருகிற சம்பளத்தையும் பயணப்படியையும் அவர்களுக்கும் கொடுங்கள். பிள்ளைகளை மட்டும் தனியே பொறுக்கி 'நீங்க ஆடுங்க' என்று சொல்லாதீர்கள். ஆட விருப்பமுள்ள யாரும் கற்றுக்கொள்ளட்டும்.

விடுதியில் சேர்த்துவிட்டால் நன்றாகப் படிப்பார்கள் அல்லவா?

மலையில் வேறு வழியில்லாத இடங்கள் உண்டு. அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் மத்திய அரசின் ஏகலைவா மாதிரிப் பள்ளிகளும் பலரைக் கரையேற்றியிருக்கின்றன, அதை மறுக்க மாட்டேன். ஆனாலும் உறைவிடப் பள்ளி என்றாலே ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லும் ஒரு வரலாறு உலகத்தில் இருக்கிறது. கனடாவில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சுமார் 1,50,000 பூர்வகுடிக் குழந்தைகள் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டு உறைவிடப் பள்ளிகளில் அடைக்கப்பட்டார்கள். சொந்த மொழி பேசினால் அடி. அங்கே நோக்கமே குழந்தையின் அடையாளத்தை அழிப்பது. நம் விடுதிகளுக்கு அந்த நோக்கம் இல்லை. ஆனால் நோக்கம் இல்லாமலேயே குழந்தை மொழியை மறக்கலாம், வீட்டுச் சாப்பாட்டை வெறுக்கலாம், ஆயாவைப் பார்த்து வெட்கப்படலாம். விடுதி என்றால் வாரம் ஒருமுறை வீட்டோடு பேச்சு, ஊர்த் திருவிழாவுக்கு அனுப்புதல், சமூகத்தைச் சேர்ந்த காப்பாளர் இவையெல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள்.

எங்காவது இது நன்றாக நடக்கிறதா?

நடக்கிறது. கூடலூரில் 1980-களில் நிலத்துக்காகப் பழங்குடிகள் ஊர் ஊராகக் கூடிப் பேசத் தொடங்கினார்கள். 1988 டிசம்பர் 5 அன்று ஆயிரக்கணக்கானோர் கூடலூர் வீதியில் திரண்டார்கள். ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் அந்த எழுச்சியில் வளர்ந்தது. அதைத் தொடர்ந்து அவர்களே ஈடுபட்டு நடத்தும் மருத்துவமனை வந்தது, 1990-களில் வித்யோதயா பள்ளி பழங்குடிப் பிள்ளைகளுக்கான பள்ளியாக உருவெடுத்தது. அங்கே பழங்குடி இளைஞர்களையே ஆசிரியர்களாகப் பயிற்றுவித்தார்கள். பணியர், பெட்டகுறும்பர், முள்ளுகுறும்பர், காட்டுநாயக்கர் பிள்ளைகளுக்கு எதிரே நின்று பாடம் சொல்கிறவர் அவர்களுடைய அக்காவோ மாமாவோதான். வரிசையைக் கவனியுங்கள்: முதலில் நிலமும் சங்கமும், பிறகு மருத்துவமனை, பிறகு பள்ளி. எது முதலில் வேண்டும் என்று முடிவு செய்தது அந்த மக்கள்.

எங்கள் பக்கத்திலும் ஒன்று உண்டு. 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் பாம்புத்தோல் வியாபாரம் நின்றுபோய் இருளர் பிழைப்பின்றித் தவித்தார்கள். 1978-இல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் துணையோடு இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இன்றும் இயங்குகிறது. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விடுகிறார்கள். நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு அந்த விஷம் போகிறது. 2023-இல் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தபோது, வகுப்பில் அந்தச் செய்தித்தாளைச் சுவரில் ஒட்டினேன். இரண்டு நாளில் படத்தின் மூலையெல்லாம் விரல் அழுக்கு. எல்லோரும் தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

தன்னார்வலராக ஊருக்குள் வர விரும்புகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

ஊர்ப் பெரியவரைப் பார்த்துவிட்டு வாருங்கள். மலை இருளர் ஊர்களில் மூப்பன் இருப்பார், எங்கள் பக்கம் வயதில் மூத்த ஓர் ஆயாவாக இருக்கலாம். பழைய துணி மூட்டை வேண்டாம். பிஸ்கட் பாக்கெட் கொடுத்துப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுப்பதும் வேண்டாம், அந்தப் படத்தைப் பத்து வருடம் கழித்து அவர்களே பார்ப்பார்கள். மூன்று மாதம்தான் வர முடியும் என்றால் மூன்று மாதம் என்றே சொல்லிவிடுங்கள்.

அவர்களிடமிருந்து எதைத் தெரிந்துகொண்டாலும், மருந்தோ பாட்டோ கதையோ, அது அவர்களுடையது. அகத்தியமலையில் 1987-இல் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிய காணிக்காரப் பழங்குடியினர் களைப்புத் தெரியாமல் நடக்க ஒரு செடியின் பழத்தைத் தின்றார்கள். கேட்டதற்குத் தயங்கித்தான் காட்டினார்கள். ஆரோக்கியபச்சை என்ற அந்தச் செடியிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து வந்தது. மருந்தைத் தயாரிக்க உரிமம் கொடுத்து ஆய்வு நிறுவனம் பெறும் தொகையில் பாதி காணிகளுக்கு என்று முடிவானது, அதற்காக அவர்களுக்கென்று ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. உலகமே மேற்கோள் காட்டும் முன்மாதிரி அது. அதிலும்கூட எல்லாக் காணி ஊர்களையும் கேட்டார்களா என்ற குறை எழுந்தது. செடியைக் காட்டிய ஓரிருவரைக் கேட்பதும் சமூகத்தைக் கேட்பதும் வேறு வேறு.

ஒரு மாணவி தான் இருளர் என்பதை மறைக்கிறாள். வெளிப்படையாகச் சொல்ல ஊக்கப்படுத்த வேண்டாமா?

மாசி மகத்துக்கு 'அம்மாவப் பாக்கப் போனோம்' என்று சொன்ன அதே பெண்தான். பதினொன்றாம் வகுப்புக்கு டவுன் பள்ளியில் சேர்ந்தாள். ஆகஸ்ட் 9, உலகப் பழங்குடிகள் தினத்தன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அவளைப் பேச வைக்கலாம் என்று நான் அவள் ஆசிரியரிடம் சொல்லி ஏற்பாடு செய்தேன். அவளிடம் கேட்கவில்லை. சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

அதற்கு முந்தைய நாள் இரவு குடியிருப்புக்கு வந்து வாசலில் நின்றாள். 'சார், அங்க யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா தண்ணி பாட்டில்லேர்ந்து எல்லாம் மாறிடும். ரெண்டு வருஷம் நிம்மதியா படிச்சுக்கறேன்' என்றாள். நான் போன் செய்து ஏற்பாட்டை நிறுத்தினேன். வழக்கமாக எதற்கும் அழாத பெண் அன்று அழுதாள்.

வெளியே சொல்வதா வேண்டாமா, யாரிடம், எப்போது என்பதெல்லாம் அந்தப் பிள்ளையின் முடிவு. வகுப்பில் உதவித்தொகைப் பட்டியலைச் சாதிவாரியாக உரக்கப் படிக்காதீர்கள். விண்ணப்பத்தைத் தனியே கூப்பிட்டுக் கொடுங்கள். தண்ணீர் பாட்டிலைப் பற்றி அந்த மற்றப் பிள்ளைகளிடம் பேசுங்கள், அந்த வேலை நம்முடையது.

இப்போது அவள் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். மாசி மகத்துக்கு லீவு போட்டு வந்துவிடுகிறாள். கல்லூரியில் என்ன காரணம் சொல்லிவிட்டு வருகிறாள் என்று நான் கேட்டதில்லை.